எடையற்ற இசையைச் சுமந்தவர்கள்

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு விண்கலம் இருக்கிறது. அப்பல்லோ 10 பயணத்தின் கட்டளைக் கலம். வீரர்கள் அதற்கு வைத்த பெயர் சார்லி பிரவுன். 1969 மே மாதம் ஸ்டாஃபோர்ட், யங், செர்னன் என்ற மூவர் எட்டு நாள் அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து நிலவைச் சுற்றிவிட்டு வந்தார்கள். அடிப்பக்கம் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம். புறப்படும்போது எடை 5 டன்னுக்கு மேல். சினிமாவில் பார்க்கிற விண்கலங்களின் வழவழப்பு எதுவும் அதில் கிடையாது. காற்றுமண்டலத்தில் விழுந்து வெந்த தழும்புகளோடு, விறகடுப்பிலிருந்து இறக்கிவைத்த பழைய பாத்திரம்போல இருக்கிறது.

மனிதன் நிலவில் இறங்கி 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2009 ஜூலையில் அதே அருங்காட்சியகத்தின் ஐமாக்ஸ் அரங்கில் ஒரு கச்சேரி நடந்தது. அருங்காட்சியகமே கேட்டு ஏற்பாடு செய்தது. பிரையன் ஈனோ, அவருடைய தம்பி ரோஜர் ஈனோ, கனடாக்காரர் டேனியல் லான்வா ஆகிய மூவரும் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட ‘அப்பல்லோ: அட்மாஸ்ஃபியர்ஸ் அண்ட் சவுண்ட்டிராக்ஸ்’ என்ற ஆல்பத்தை, திரையில் நிலவுப் படம் ஓட, முழுக்க மேடையில் வாசித்துக் காட்டுவது திட்டம். வாசித்தவர்கள் ஐஸ்பிரேக்கர் என்ற பிரிட்டிஷ் குழுவினர். கூடவே பெடல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் பி.ஜே. கோல். அவர்கள் வாசிக்க ஏதுவாக இசைக்குறிப்பு எழுதிக் கொடுத்தவர் வூஜுன் லீ. 2012-இல் நியூயார்க்கின் கேன்டலூப் மியூசிக் நிறுவனம் அதை ஆல்பமாகவும் கொண்டுவந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நினைவு நாள் நிகழ்ச்சி. பழைய ஆல்பம், பெரிய திரை, ஆண்டு விழா. ஆனால் உள்ளே ஓர் இடக்கு இருக்கிறது. எந்த மனிதரும் வாசிக்காததுபோல் கேட்கவேண்டும் என்றே பாடுபட்டுச் செய்த இசை அது. அதைக் கண்ணெதிரே உட்கார்ந்து வாசிப்பது எப்படி?

இந்தக் கேள்வியின் வேர் 1969 ஜூலை 20-ஆம் தேதிக்குப் போகிறது. ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கியதை உலகம் பார்த்த காட்சி ஏன் அப்படி மங்கலாக, பேய்ப்படம்போல இருந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. நிலவிலிருந்து வந்த கேமரா விநாடிக்கு 10 சட்டகம், 320 கோடு என்ற கணக்கில்தான் படம் அனுப்பியது. அனுப்புவதற்குக் கிடைத்த அலைவரிசை அவ்வளவு குறுகல். வீட்டுத் தொலைக்காட்சிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆகவே தரை நிலையத்தில் அந்தப் படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு டிவி கேமராவால் எடுத்து ஒளிபரப்பினார்கள். படத்தைப் படம் எடுத்ததுதான் உலகத்துக்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு அறிவிப்பாளர்களின் ஓயாத பேச்சு.

ஈனோவுக்கு அப்போது 21 வயது. வரலாற்றிலேயே மிக விசித்திரமான ஒரு நிகழ்ச்சியைச் சின்னத் திரையும் மோசமான படமும் பரபரப்பான வர்ணனையும் சேர்ந்து சாதாரணமாக்கிவிட்டன என்ற குறை அவருக்குப் பல ஆண்டுகள் இருந்தது. அந்த ஆல்பத்தின் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். நிலவுப் பயணத்தின் தனிமையையும் பிரம்மாண்டத்தையும் வேகப்படுத்தாமல், விளக்கம் சொல்லாமல் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஆசைக்குத் தோதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அல் ரைனர்ட் என்ற டெக்சஸ் பத்திரிகையாளர். நாசாவிடம் ஹியூஸ்டனில் சுமார் 60 லட்சம் அடி படச்சுருள் கிடக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். விண்வெளி வீரர்கள் 16 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்து, கலத்திலேயே பூமிக்குக் கொண்டுவந்த சுருள்களும் அதில் இருந்தன. மங்கல் டிவி படத்துக்கும் இவற்றுக்கும் ஒப்பே இல்லை; நிறமும் நிழலும் கண்ணாடிபோலத் தெளிவு. பொதுமக்கள் கண்ணில் படாமல் அவற்றில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. ரைனர்ட் அவற்றை 35 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, நிலவுக்குப் போன ஒன்பது பயணங்களையும், 24 மனிதர்களையும் கலந்து ஒரே பயணமாகத் தொகுத்தார். யார் எந்தக் கலத்தில் போனார் என்றெல்லாம் படம் சொல்லாது. போனார்கள், வந்தார்கள், அவ்வளவே.

முதலில் நினைத்தது வர்ணனையே இல்லாத படம்: காட்சி, இசை, வேறொன்றுமில்லை. முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. படத்தை மறுபடி வெட்டி, வீரர்களின் குரல்களைச் சேர்த்து, ஒருவழியாக 1989-இல் ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். சன்டான்ஸ் விழாவில் விருது, ஆஸ்கர் பரிந்துரை என்று நல்ல பேர் வாங்கியது. ஆனால் படத்துக்காகச் செய்த இசை அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே தனி ஆல்பமாகக் கடைக்கு வந்திருந்தது. அதாவது, படமில்லாத பின்னணி இசை. அதைக் கேட்டவர்கள் தத்தம் தலைக்குள் படத்தை ஓட்டிக்கொண்டார்கள். அந்த இசையின் ஆயுள் இவ்வளவு நீண்டதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஹாமில்டன் என்ற எஃகு ஆலை நகரம் இருக்கிறது. அங்கே கிராண்ட் அவென்யூ தெருவில் ஒரு பழைய வீட்டை லான்வா சகோதரர்கள் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். ‘அப்பல்லோ’ உருவான இடம் அது. மொத்தம் 12 துண்டுகள். ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அதன் இரண்டு முகங்கள் தெரியும். முதல் பாதி இருட்டு: ‘அண்டர் ஸ்டார்ஸ்’, ‘மாட்டா’, ‘சிக்னல்ஸ்’. தாளம் கிடையாது, ஆழத்தில் ஏதோ உறுமும், தொலைவில் ஏதோ சிணுங்கும். பிற்பாதியில் ‘சில்வர் மார்னிங்’, ‘டீப் ப்ளூ டே’, ‘வெயிட்லெஸ்’ என்று வரிசையாகக் கிட்டார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரி இசையை யாரோ தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல.

விண்வெளிக்கும் மாட்டுக்காரர் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் நிஜமானது. அப்பல்லோ வீரர்களுக்குக் குறிப்புகளைப் பேசிப் பதிவதற்காக சோனி டிசி-50 என்ற கையடக்க கேசட் ரெக்கார்டர் கொடுத்திருந்தார்கள். அதில் பாட்டும் கேட்டுக்கொண்டே போனார்கள். பலருக்குப் பிடித்தது கன்ட்ரி பாட்டு. இது தெரியவந்தபோது ஈனோவுக்கு ஒரு கதவு திறந்தது. எல்லை தேடிப் போன குதிரைவீரர்களின் பாட்டை, இன்னோர் எல்லை தேடிப் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் சஃபக் மாவட்டத்தில் வுட்பிரிட்ஜ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ஈனோ. பக்கத்திலேயே அமெரிக்க விமானப்படைத் தளங்கள். அந்த வழியாக வந்த அமெரிக்கப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பையன் அவர். அந்தப் பாட்டு அவருக்குச் சின்ன வயதிலேயே வேற்றுக்கிரகத்துச் சங்கதிதான்.

இடையில் ஒன்று. வீரர்கள் கொண்டுபோனது கன்ட்ரி பாட்டு மட்டும் இல்லை. ஆம்ஸ்ட்ராங்கின் கேசட்டில் 1947-இல் வெளிவந்த ‘மியூசிக் அவுட் ஆஃப் தி மூன்’ இருந்தது. தெரெமின் என்ற, தொடாமலே காற்றில் கையசைத்து வாசிக்கும் மின்கருவியின் அழுகுரல் அதில் முழுக்க வரும். அப்பல்லோ 11 திரும்பி வரும் வழியில் அது வானொலி வழியே ஹியூஸ்டனுக்கும் கேட்டது. என்ன சத்தம் அது என்று கீழே இருந்தவர்கள் விசாரித்தார்கள். விண்வெளிக்கென்று ஒரு இசை உண்டா என்ற விவாதத்தில் இந்தச் சம்பவத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை.

ஆல்பத்தின் ஒலிக்கு வருவோம். எந்த நரம்புக் கருவியையும் மீட்டும்போது காதில் முதலில் விழுவது விரலோ மீட்டுகோலோ நரம்பில் படுகிற சிறு அடி. பியானோவில் சுத்தியல் விழும் அடி, மிருதங்கத்தில் தோலில் விழும் அடி, புல்லாங்குழலில் காற்று விளிம்பில் மோதும் உசும்பல். இசைக்கருவி எது, வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை நம் காது பெரும்பாலும் அந்த முதல் நொடிப்பிசிரிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அதை அரிந்து எடுத்துவிட்டால் ஒலி அநாதையாகிவிடும். எங்கிருந்து வருகிறது, யார் எழுப்பினார் என்று தெரியாது. ஈனோ செய்தது அதைத்தான். டேப்பின் வேகத்தைக் குறைப்பார், எதிரொலியில் ஊறப்போடுவார், ஒலியளவை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவார். ஒலிப்பதிவுக்கூடத்தையே வாத்தியமாகக் கருதவேண்டும் என்று 1979-இலிருந்தே பேசிவந்தவர். எழுதி வைத்து வாசித்த இசை இல்லை அது. ஓவியர் துணியில் சாயத்தை அடுக்குவதுபோல டேப்பில் அடுக்கியது. ஆகவே இசைக்குறிப்பும் கிடையாது.

வூஜுன் லீயின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. காதால் கேட்டு, ஒவ்வொரு படலத்தையும் பிரித்து, இன்ன கருவிக்கு இன்ன சுரம் என்று எழுதவேண்டும். ராகமாலிகையைக் கேட்டு சுரப்படுத்துவதுபோன்ற வேலையில்லை. சுரங்கள் கொஞ்சம்தான். எழுதவேண்டியது சாயல்: ஒரு ஒலி எவ்வளவு மெதுவாகப் பிறக்கிறது, எதற்குள் போய் மறைகிறது, அதன் ஓரத்தில் என்ன மணம். ஐந்து கோட்டுக் குறிப்பு முறை இதற்காக உண்டானதே இல்லை.

யாரிடம் இந்தக் குறிப்பைக் கொடுத்தார்கள் என்பது அடுத்த ஆச்சரியம். ஐஸ்பிரேக்கர் மென்மைக்குப் பேர்போன குழு இல்லை; நேர் எதிர். 1989-இல் ஜேம்ஸ் போக், ஜான் காட்ஃப்ரீ இருவரும் தொடங்கியது. டச்சு இசையமைப்பாளர் லூயி ஆந்த்ரீசனின் வழியில், சாக்ஸபோன், மின் வயலின், மின் செல்லோ, கிட்டார், கீபோர்டு, அக்கார்டியன், தாளக்கருவிகள் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் ஏற்றி, ராக் கச்சேரிபோல உரக்க, இரும்பு அடிப்பதுபோலத் துல்லியமாக வாசிப்பவர்கள். இவற்றோடு வரிசைக்குழலும் உண்டு. நீளம் குறைந்துகொண்டே போகும் குழல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டிய, ஒரு குழலுக்கு ஒரு சுரம் என்ற பழைய ஊதுகருவி. நவீன இசைக்குழுவில் அது எப்படி வந்தது? ஆந்த்ரீசன் 1976-இல் எழுதிய ‘ஹோக்கெட்டஸ்’ என்ற படைப்பிலிருந்து வந்தது. அதில் இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று ஒரே இசையை ஒன்றுவிட்டு ஒன்று பங்குபோட்டு வாசிக்கும். ஒரு அணி அடிக்க, மற்றது நிறுத்தும். அது நிறுத்த, இது அடிக்கும். கொஞ்சம் பிசகினாலும் குப்பையாகிவிடும்.

உரக்க வாசிக்கிற குழுவை மெல்லிசைக்கு அழைத்தது தவறான தேர்வு என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்தால் அப்படி இல்லை. ஆல்பத்தில் ஒரு சுரம் அரை நிமிடம் இழுத்தாலும் டேப்புக்கு மூச்சு முட்டாது. மனிதருக்கு முட்டும். சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்கவேண்டும், வயலின் வில் திரும்பவேண்டும், அக்கார்டியனின் துருத்தி விரிந்து சுருங்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலியில் ஒரு மடிப்பு விழும். நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுபவர் மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே வாயால் ஊதிச் சுருதியை அறுபடாமல் பிடிப்பாரே, அது ஒருவர் சாமர்த்தியம். பலர் இருக்கும் குழுவில் வழி வேறு: ஒருவர் ஒலி அடங்குவதற்குள் இன்னொருவர் அதே சுரத்தை அடியிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும்; கைமாறியது கேட்பவருக்குத் தெரியக்கூடாது. கைமாற்றுவதையே பயிற்சியாகக் கொண்டு வளர்ந்தவர்கள் ஐஸ்பிரேக்கர். ‘ஹோக்கெட்டஸ்’ மரபில் கைமாற்றம் சம்மட்டி அடிபோலத் துருத்திக்கொண்டு தெரியும். ‘அப்பல்லோ’வில் அதை மறைக்கவேண்டும். பழக்கம் ஒன்றுதான், பயன் தலைகீழ்.

முழுக்க மறைகிறதா? மறைவதில்லை. அங்கேதான் இந்த மறுவாசிப்புக்கு உயிர் வருகிறது என்பேன். ‘அன் எண்டிங் (அசென்ட்)’ என்ற துண்டை எடுத்துக்கொள்ளலாம். ‘டிராஃபிக்’ (2000), ‘28 டேஸ் லேட்டர்’ (2002) போன்ற படங்களில் ஒலித்து, ஈனோ பெயரே தெரியாதவர்களுக்கும் பழகிப்போனது. மூலத்தில் மின்னிசைக் கருவியின் அடுக்குச் சுரங்கள் மெல்ல மெல்ல எழும்பி ஒன்றன்மேல் ஒன்று சாயும். தாளமும் இல்லை, தனியாக முணுமுணுக்க ஒரு மெட்டும் இல்லை. கேட்பவருக்கு அழுகை வரும். அழுவது யார் பொருட்டு என்று தெரியாது, ஏனென்றால் இசைக்குள் ஆளே இல்லை. அதையே காற்றூதும் கருவியும் வில்லிழுக்கும் கருவியும் எடுத்துக்கொண்டால், சுரம் எழும்புவது ஒரு நெஞ்சு விரிவதாகிவிடுகிறது. சாய்வது மூச்சு விடுவதாகிவிடுகிறது. மூலத்தின் தெய்வீகம் கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கலத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள் என்பது, முதல் தடவையாக, இசையிலேயே கேட்கிறது.

இனி பி.ஜே. கோல். இந்த முயற்சியில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அவரைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். 1946-இல் பிறந்த லண்டன்காரர். எல்டன் ஜானின் ‘டைனி டான்சர்’ பாட்டில் (1971) வானம் திறப்பதுபோல ஒரு வழுக்கல் வருமே, அது அவருடைய கை.

பெடல் ஸ்டீல் வாசிப்பதைக் கிட்ட இருந்து பார்ப்பது ஒரு காட்சி. கிட்டார் என்று பெயரே தவிர, நான்கு காலில் நிற்கும் மேஜைபோல இருக்கும். வாசிப்பவர் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்வதுபோல் உட்காருவார். நரம்பு பெரும்பாலும் பத்து. இடக்கையில் கொழுத்த எஃகு உருளை. அதை நரம்புகளின் மேல் அழுத்தாமல் வைத்து நகர்த்துவார். வலக்கைக் கட்டைவிரலிலும் இரு விரல்களிலும் மாட்டிய நகங்கள் மீட்டும். இடக்கால் பெடல்களை மிதிக்கும்; ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றிரண்டு நரம்பு மட்டும் இழுபட்டுச் சுரம் மாறும், மற்றவை அப்படியே நிற்கும். முழங்கால்கள் பக்கவாட்டில் தள்ள நெம்புகோல்கள். வலக்கால் ஒலியளவுப் பெடலில். கை இரண்டு, கால் இரண்டு, முழங்கால் இரண்டு. கைத்தறிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் உடம்பு முழுவதையும் இப்படி வேலை வாங்கும் தொழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வலக்கால்தான் முக்கியம். நரம்பை மீட்டும் கணத்தில் பெடலை மேலே விட்டு ஒலியை அடைத்துவிடுவார். மீட்டிய அடி கேட்காது. பிறகு மெல்ல மிதித்து ஒலியைத் திறப்பார். ஒலி பிறந்த இடமே தெரியாமல் தானாகப் புலரும். நரம்பு தேயத் தேயப் பெடலை இன்னும் மிதித்தால் தேய்வதும் தெரியாது. ஹாமில்டன் கூடத்தில் ஈனோ டேப்பையும் எதிரொலியையும் வைத்துச் செய்த வித்தையை, கன்ட்ரி இசைக்காரர்கள் மதுக்கடை மேடைகளில் ஒரு காலால் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். லான்வா சின்ன வயதிலிருந்து அந்தக் கருவியோடு பழகியவர். ஆல்பத்தின் பிற்பாதியின் தனி நிறத்துக்கு அவர் வழி வந்த அந்தக் கிட்டார்தான் காரணம். கையால் வாசிக்கும் இசைக்கும் கை மறைந்த இசைக்கும் நடுவில் பாலமாக நிற்கக்கூடிய கருவி வேறு எது?

நம் காதுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையில், மெட்டில்லாத நரம்பின் மேல் கட்டையை நகர்த்திக் கமகம் இழைப்பதைக் கேட்டவர்களுக்கு வழுக்கலின் ருசி தெரியும். வித்தியாசம் ஒன்று உண்டு. கோட்டுவாத்தியத்தின் வழுக்கல் ராகத்தின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அதற்குத் தெரியும். ‘வெயிட்லெஸ்’ துண்டின் வழுக்கலுக்குப் போய்ச் சேருகிற அவசரம் கிடையாது. புவியீர்ப்பு இல்லாத இடத்தில் கையிலிருந்து நழுவிய பேனா மிதந்துபோவதுபோல.

ஆகவே ஐஸ்பிரேக்கர் வாசிப்பில் பிற்பாதி எனக்கு ஒரு படி மேல். ‘டீப் ப்ளூ டே’ நல்ல உதாரணம். ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ (1996) படத்தில், ஸ்காட்லாந்தின் படுகேவலமான கழிப்பறைத் தொட்டிக்குள் கதாநாயகன் தலைகீழாகப் பாய்ந்து நீலத் தண்ணீருக்குள் நீந்தும் காட்சிக்கு அந்த இசைதான். அதன்பின் அதைக் கேட்டு நிலவை நினைக்கப் பலருக்கும் முடியாமல் போனது. நிலவுப் படம் ஓடும் திரைக்கு முன்னால் வைத்து வாசித்ததில், அந்தப் படத்தின் வாடை நீங்கி அது பழைய வீட்டுக்குத் திரும்பியது. முற்பாதி அவ்வளவு எளிதாக வசப்படுகிற சரக்கு இல்லை. ‘மாட்டா’வின் உறுமலும் சிணுங்கலும் யாரும் எழுப்பாத ஒலிகள் என்பதுதான் அவற்றின் பயமே. எழுப்புகிறவர் மேடையில் தெரிந்தால் பயம் போய் வியப்பு வந்துவிடும்: எப்படிச் செய்கிறார்கள் பார் என்ற வியப்பு. அது வேறு ரசம்.

முடிவும் ஒரு சிக்கல். பதிவில் ஒவ்வொரு துண்டும் ஒலி தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும். இசை முடியவில்லை, நாம்தான் விலகிப் போகிறோம் என்ற பிரமை. அது கலவைப் பலகையில் ஒரு கைப்பிடியைக் கீழே இறக்குவதால் வருவது. மேடையில் யாராவது ஒருவர் கடைசிச் சுரத்தை வாசித்து நிறுத்தியாகவேண்டும். ஏறக்குறைய எட்டு நிமிடம் நீளும் ‘ஸ்டார்ஸ்’தான் ஆல்பத்தின் கடைசி. விண்மீன்களுக்கு முடிவு கிடையாது, வாத்தியக்காரர்களுக்கு உண்டு.

இப்படிப்பட்ட முயற்சிகளில் இது முதல் அல்ல. 1978-இல் வந்த ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தை நியூயார்க்கின் பேங் ஆன் எ கேன் குழு 1998-இல் வாத்தியங்களுக்கு மாற்றி வெளியிட்டது. அங்கே சிக்கல் வேறு வகை. அந்த ஆல்பத்தின் ஒரு துண்டில் பாடகியர் குரல்களை வளைய டேப்புகளில் பதிந்து, ஒவ்வொரு வளையமும் வெவ்வேறு நீளத்தில் சுற்றும்படி விட்டிருந்தார் ஈனோ. ஒரு சுரம் சுமார் 23.5 விநாடிக்கு ஒருமுறை வரும், அடுத்தது ஏறக்குறைய 26, இன்னொன்று 30. ஒன்றுக்கொன்று ஒத்துவராத கணக்கு என்பதால், அவை சேர்ந்து விழும் கோலம் திரும்ப வர யுகமாகும். டேப்புக்கு இது பிரயாசை இல்லாத வேலை, சுற்றினால் போதும். மனிதருக்கோ தற்செயலைத் திட்டமிட்டு வாசிக்கும் வேலை. அவர்கள் அதை எழுதி வைத்து வாசித்தார்கள், அழகாகவே வாசித்தார்கள். ஆனால் அந்த ஆல்பத்தின் அடிப்படை ஒரு இயந்திர ஏற்பாடு. மனிதர் வந்ததும் ஏற்பாடு போய், அதன் ஒரு தடவை விளைவு மட்டும் மிஞ்சியது. ‘அப்பல்லோ’வுக்கு அந்தக் குறை இல்லை. அது ஏற்பாட்டால் ஆனதில்லை. மூன்று பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து வாசித்ததன் மேல் மூடுபனி போர்த்தியது. பனியை விலக்கினால் உள்ளே வாசித்த கை இருந்தது.

சரி, கேட்கிற நாம்? 1975-இல் ஒரு விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த ஈனோ, பார்க்க வந்த தோழி கொண்டுவந்த யாழிசைத் தட்டை ஓடவிட்டார். ஒலி மிகக் குறைவு. ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு கலந்து அரைகுறையாகக் கேட்ட அந்த இசையிலிருந்து அவர் ஒரு கொள்கைக்கு வந்தார்: கவனித்தாலும் இசை பலன் தரவேண்டும், கவனிக்காவிட்டாலும் இடைஞ்சல் செய்யக்கூடாது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஆம்பியண்ட். நம் ஊர்க் கல்யாண வீட்டில் யாரும் இந்தக் கொள்கையை எழுதி வைக்கவில்லை. காலை முழுவதும் நாதஸ்வரம் நடக்கிறது. பேசுகிறவர் பேசுகிறார், சாப்பிடுகிறவர் சாப்பிடுகிறார். கெட்டிமேளம் வந்தால் எல்லாத் தலையும் ஒருசேரத் திரும்புகிறது.

கச்சேரி அரங்கில் அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் வாங்கி, இருட்டில், முன்னால் பார்த்து உட்கார்ந்தவர் கவனித்தே ஆகவேண்டும். ஆம்பியண்ட் இசையை மேடையேற்றுவதில் உள்ள ஆதி முரண் அது. பலர் இதைக் காட்டி இத்தகைய முயற்சிகளையே நிராகரிக்கிறார்கள். அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்த முரண் பாதி கரைந்துபோனதற்குத் திரை காரணம். கவனத்தை நிலவு எடுத்துக்கொண்டது. இசை, பிறந்தபோது அதற்குச் சொல்லியிருந்த இடத்துக்கு, படத்துக்குக் கீழே, போய் உட்கார்ந்தது. முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போன காட்சியும் இசையும் என்ற ஆசைக்கு, ஆல்பம் வந்து 26 ஆண்டுகள் கழித்து, ஐமாக்ஸ் அளவில் ஒரு அரங்கம் கிடைத்தது. அன்று விமரிசனங்கள் என்ன சொன்னாலும் எனக்கு இந்த நிகழ்ச்சியின் பெறுமதி இதுதான்.

ஈனோ சும்மா இருக்கவில்லை. 50-ஆம் ஆண்டு நிறைவுக்கு, 2019 ஜூலையில், அதே மூவரும் மறுபடி சேர்ந்து 11 புதிய துண்டுகள் செய்து பழைய ஆல்பத்தோடு இணைத்து வெளியிட்டார்கள். 2023-இல் பால்டிக் கடல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அவரே மேடையேறிச் சில நகரங்களுக்குப் போனார். மேடையை விட்டு ஒதுங்கியே இருந்த மனிதர் 75 வயதில் இதற்கு இணங்கியதில், பிறர் அவர் இசையைச் சுமந்து காட்டியதற்கும் பங்கிருக்கலாம். இது ஊகம்தான்.

ஐஸ்பிரேக்கரின் ‘அப்பல்லோ’ கேட்கக் கிடைக்கிறது. கேட்க நினைப்பவர்கள் மூலத்தை முதலில் கேட்டுவிடுங்கள். இரவில், ஒலியைக் குறைத்து வைத்து, வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே. ஐஸ்பிரேக்கரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேலை எதுவும் வேண்டாம். ‘டீப் ப்ளூ டே’யிலிருந்து தொடங்குங்கள், பி.ஜே. கோலின் வலக்கால் எங்கே மிதிக்கிறது என்று மட்டும் காது கொடுத்துப் பாருங்கள்.